கொள்ளைநோய் யாரைக் கொள்ளையிடும்?

பரந்து பற்றும் நோய்க்கு நம் முன்னோர் இட்ட பெயர் கொள்ளைநோய் என்பது. கள்வன் ஒரு வீட்டிற் புகுவான். கொள்ளைக் கூட்டமோ ஊரையே வாரிச் செல்லும். ஆதலின் இப்பெயர் பொருத்தமுடையதே. ஆயினும் இவ்வுவமையை ஆழ்ந்து நோக்குவார்க்கு ஓரிடத்தில் அது பிறழ்வது புலனாகும். கொள்ளைக்காரன் பொருளுள்ள மனையை நாடுவான். வறியவன் குடிசையில் அவனுக்கு அலுவல் இல்லை. கொள்ளைநோயோ பொருளில்லா மனையிலேதான் நெடுநாள் தங்குகின்றது. இல்லாதவனிடத்து எஞ்சியிருக்கும் ஒரே பொருளாகிய உயிரைக் கவர்ந்து செல்கின்றது. இக்கூற்று உண்மைதானா, உண்மையாயின் அதற்குக் காரணம் யாது, அதனை மாற்றும் வழி உண்டா என்னும் மூன்றையும் இம்மலரின் வாயிலாகப் பழைய மாணவர்க்கும் இற்றை மாணவர்க்கும் விளக்குதல் எமது நோக்கம்.

மருத்துவம் எமது துறையன்று. தமிழ் கற்பித்தலே எமது தொழில். எனினும், வழக்கிலுள்ள ஒரு சொல்லின் பொருளைச் சோதித்துப் பார்த்தல் தமிழாசிரியனுக்கு உரிய கடமைகளுள் ஒன்றாதலின் இத்துறையிற் புகுந்தோம்.

'கூற்றுவனுக்குக் குடிசையும் ஒன்று, கோபுரமும் ஒன்று' என்று நம்மவர் பேசுவதுண்டு. செத்த வீட்டில் ஆறுதல் கூறுவார்க்கு இது நல்ல பேச்சு. எல்லாரும் ஒரு நாள் இறப்பர் என்ற அளவில் இஃது உண்மையுமாகும். ஆனால் எல்லாரும் ஒத்த வயதில் இறப்பர் என்பதோ, ஒரே நோய் வந்துற்றபோது எல்லார் வீட்டிலும் ஒத்த அளவில் இழவு விழும் என்பதோ உண்மையன்று. அமெரிக்க நாட்டிலும் 1918 ஆம் ஆண்டு இன்புளுவன்சாக் காய்ச்சல் பரவிய காலத்தில், 'இந்நோய் செல்வர் வறியர் என்று பாராது அனைவரையும் ஒருங்கே தாக்கியது' என்ற எண்ணமே மக்களிடையே நிலவிற்று. எட்கார் சிடென்ஸ்றிக்கர் என்னும் அறிஞர், வீடு வீடாகச் சென்று திரட்டிய கணக்குகளைப் பிற்காலத்தில் ஆராய்ந்து, 1931 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் அவ்வெண்ணம் பிழை என்று காட்டினார். வறியோரிடையே நோயுற்றாரும் மிகுதி, இறந்தாரும் மிகுதி. பேச்சை நம்பாது எண்ணிப் பார்த்தமையால் அவர் கண்ட உண்மை இது.

எண்ணும் முறையை மாணாக்கர் பொருட்டு ஈண்டுச் சிறிது விளக்குவோம். ஓர் ஊரில் இரண்டு தெருக்கள் உள்ளன என்று கொள்வோம். மேற்றெருவில் 2,000 பேர் வாழ்கின்றனர். அவருள் 20 பேர் இறந்தனர். கீழ்த்தெருவில் 500 பேர் வாழ்கின்றனர். அவருள் 15 பேர் இறந்தனர். பிணங்களை மாத்திரம் எண்ணுபவன் மேற்றெருவிலேதான் சாவு மிகுதி என்பான். ஆயிரம் பேருக்கு எத்தனை என்று வகுத்துப் பார்ப்பவனோ, மேற்றெருவில் 10, கீழ்த்தெருவில் 30 என்று காண்பான். இவ்வாறு ஆயிரத்துக்கு இத்தனை என்று கூறுவதே இறப்பு வீதம் எனப்படும். இதன்மேல் இன்னொரு திருத்தமும் வேண்டும். ஒரு தெருவில் முதியோர் மிகுந்தும் மற்றதில் இளையோர் மிகுந்தும் இருப்பின், முதுமையால் வந்த சாவையும் வறுமையால் வந்த சாவையும் வேறு பிரித்தறிதல் வேண்டும். எனவே கணக்கறிந்தோர் வயதுக்கு வயது ஒப்புநோக்கியே தீர்ப்புக் கூறுவர்.

இனி, மெய்யாக நிகழ்ந்த ஒன்றைக் காண்போம். முதலாம் உலகப்போர் முடியுந் தறுவாயில், 1918 ஆம் ஆண்டு சூன் மாதம் 10 ஆந் திகதி, பம்பாய் நகரில் எழுவர் பொலிஸ்காரர் காய்ச்சலுடன் ஆஸ்பத்திரியிற் சேர்க்கப்பட்டனர். அவருள் ஒருவர் துறைமுகத்திற் காவல் புரிந்தவர். போர்க்களத்திலிருந்து மீண்ட கப்பல்களின் வழியே நகருட் புகுந்த நோய் அது. முதலிற் சிறிது தணிந்து, செப்தெம்பரில் மீண்டும் எழுந்து, ஒக்டோபரில் அந்நகரை உலுக்கியது. அங்கிருந்து புகைவண்டிப் பாதைகளின் வழியே இந்தியா எங்கும் சென்றது. இந்தியாவில் மாத்திரம் ஒரு கோடியே இருபது இலட்சத்துக்குக் குறையாதோர் மாண்டனர் என்பது கணிப்பு. இதனினும் மிக உயர்ந்த கணிப்புகளும் உள. 1911 முதல் 1921 வரையான பத்தாண்டில் இந்தியாவின் குடித்தொகை பெருகாது சிறிது குறைந்தே போயிற்று. இலங்கைக்கும் அந்நோய் 1918 இலும் 1919 இலுமாக இரு முறை அலையெனப் புரண்டு வந்தது.

பம்பாய் நகரத்துச் சுகாதாரப் பகுதியினர் அவ்வாண்டில் இறந்தோரைச் சமூகம் சமூகமாகப் பிரித்து எண்ணி வைத்தனர். ஆயிரம் பேருக்கு இறந்தோர் தொகை இது: ஐரோப்பியர் 8.3, பார்சிகள் 9, சாதி இந்துக்கள் 18.9, முஸ்லிம்கள் 19.2, தாழ்ந்த சாதியார் என்று அக்காலத்தவர் குறித்த இந்துக்கள் 61.6. ஒரே நகரம், ஒரே காற்று, ஒரே கிருமி. எனினும் ஐரோப்பியருள் ஒருவர் இறந்த இடத்தில் ஒடுக்கப்பட்ட இந்துக்களுள் ஏழு பேருக்கு மேல் இறந்தனர். அன்றியும், ஒரே சமயத்தவராகிய இந்துக்களுக்குள்ளேயே ஒரு பகுதியார் மற்றப் பகுதியாரினும் மும்மடங்குக்கு மேலாக மாண்டனர். இந்துக் கல்லூரியொன்றின் மலரில் இவ்வெண்ணைப் பொறிக்கும்போது எமது கை தயங்குகின்றது. தயங்கினும் பொறித்தல் வேண்டும். வெள்ளையனுக்கும் நமக்கும் இடையேயுள்ள வேறுபாட்டைக் கண்டு சினக்கும் நாம், நமக்குள்ளே உள்ள வேறுபாட்டைக் கண்டு நாணாது விடுதல் முறையாகாது.

இவ்வேறுபாடு குருதியில் உள்ளது போலும் என்று சிலர் ஐயுறலாம். அவ்வையத்தைத் தீர்ப்பதற்கு நோர்வே நாட்டின் தலைநகர் துணை செய்கின்றது. இன்று ஒஸ்லோ என்றும் அன்று கிறிஸ்தியானியா என்றும் வழங்கிய அந்நகரத்தார் பெரும்பாலும் ஒரே இனத்தவர், ஒரே மொழியினர், ஒரே சமயத்தினர். சாதிப் பிரிவும் அங்கில்லை. ஆயினும் அங்கே 1918 ஆம் ஆண்டுச் சாவுக் கணக்கை வீட்டின் அளவோடு ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, சிற்றறை வீடுகளில் வாழ்ந்தோர் பல அறை வீடுகளில் வாழ்ந்தோரினும் மிகுதியாக இறந்தமை தெரியவந்தது. ஆதலின் வேறுபாடு குருதியிலன்று, குடியிருப்பிலும் உணவிலும் உழைப்பிலும் உள்ளது என்பது தேற்றம்.

நாடுகளை ஒப்பிடினும் இதுவே முடிவாகும். 2006 ஆம் ஆண்டில் 'லான்செற்' என்னும் மருத்துவ இதழில் வெளியான ஆய்வொன்று, அந்த இன்புளுவன்சாக் காலத்தில் மிகக் குறைந்த சாவு நேர்ந்த நாட்டுக்கும் மிகக் கூடிய சாவு நேர்ந்த நாட்டுக்கும் இடையே முப்பது மடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு இருந்ததெனக் காட்டிற்று. குறைந்த முனையில் தென்மார்க்கு நின்றது. கூடிய முனையில் இந்தியா நின்றது. தலைக்கு இவ்வளவு என்ற வருமானம் ஏற ஏற, சாவு இறங்கிச் சென்றமையையும் அவ்வாய்வு கண்டது.

இனிக் காரணத்தை ஆராய்வோம். கொள்ளைநோய் ஓர் உயிரைக் கொள்ளுதற்கு மூன்று வாயில்களைக் கடத்தல் வேண்டும். முதலாவது, தொற்றும் வாயில். ஓரறையில் எண்மர் படுக்கும் வீட்டில் ஒருவர் இருமினால் எழுவருக்குத் தொற்றும். பம்பாயின் ஆலைத் தொழிலாளரிற் பெரும்பாலோர் அத்தகைய ஓரறைக் குடியிருப்புகளிலேதான் வாழ்ந்தனர். வேலைக்குப் போகாதிருப்பின் அடுப்பு எரியாது. போயின் நோயைத் தேடிப் போதலாகும். வீட்டுக்குள் இருந்து உண்ணும் வாய்ப்புடையார்க்கு இவ்விடர் இல்லை.

இரண்டாவது, உடலின் வாயில். 1918 ஆம் ஆண்டில் தென்மேல் பருவமழை பொய்த்தது. போரினாலும் தானியத்தின் விலை ஏறியது. அரை வயிற்றுக்கு உண்டு மெலிந்த உடலிற் புகுந்த நோய், நன்கு உண்ட உடலிற் புகுந்த நோயினும் வலிதாக நின்று கொன்றது. பெண்களை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் அக்காலத்தில் ஆண்களினும் பெண்கள் மிகுதியாக இறந்தனர். வீட்டில் எல்லாரும் உண்ட பின் எஞ்சியதை உண்பவள் அவள்; எல்லாரும் நோயுற்றபோது எல்லார்க்கும் பணிவிடை செய்பவளும் அவள். முதலாம் வாயிலும் இரண்டாம் வாயிலும் அவளுக்கு ஒருங்கே திறந்து கிடந்தன.

மூன்றாவது, பராமரிப்பின் வாயில். ஈண்டு ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். 1918 ஆம் ஆண்டில் இன்புளுவன்சாவைத் தீர்க்கும் மருந்து எவரிடத்தும் இருந்ததில்லை. அதன் பின் வரும் நியூமோனியாக் காய்ச்சலைத் தீர்க்கும் பெனிசிலினும் அன்று கண்டுபிடிக்கப்படவில்லை. எனவே செல்வன் தன் பணத்தால் வாங்கத்தக்க அரிய மருந்து ஒன்றும் இல்லை. அங்ஙனமாகவும் செல்வன் பிழைத்தான், வறியவன் மாண்டான். ஏன்? படுத்துக் கிடப்பதற்கு ஓரிடமும், எழுந்து வேலைக்குப் போகாதிருப்பதற்கு உரிமையும், வேளைக்குக் கஞ்சியும், வெந்நீர் காய்ச்சித் தருவதற்கு ஒருவரும் ஒருவனுக்கு இருந்தன, மற்றவனுக்கு இருந்தில. உயிரைக் காத்தவை இவ்வெளிய பொருள்களே. இவை மருந்துச்சாலையில் விற்கப்படுவனவல்ல; நோய் வருமுன்னரே ஒரு குடியிடத்து இருக்க வேண்டியன.

இம்மூன்று வாயில்களையும் மனத்திற் கொண்டு நம் நாட்டுக்குத் திரும்புவோம். இலங்கையர் மறத்தற்கரிய கொள்ளைநோய் 1934, 1935 ஆம் ஆண்டுகளில் வந்த மலேரியாக் காய்ச்சலாகும். மலேரியா நுளம்பினாற் பரவுவது. மனிதரிடமிருந்து மனிதருக்கு நேரே தொற்றுவதன்று. எனினும் அதன் சாவுக் கணக்கு நமது பொருளுக்குச் சிறந்த விளக்கமாகும். 1934 ஆம் ஆண்டில் தென்மேல் பருவமழை பொய்த்தது. எந்நாளும் பாய்ந்தோடும் ஈரவலயத்து ஆறுகள் வற்றி, மணற்படுகையில் ஆங்காங்கே குட்டை குட்டையாகத் தேங்கின. ஓடும் நீரில் முட்டையிட இயலாத நுளம்பு, அக்குட்டைகளிற் பல்கிப் பெருகியது. கேகாலை, குருநாகல் மாவட்டங்களின் ஊர்கள் காய்ச்சலில் வீழ்ந்தன. ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். 1935 ஆம் ஆண்டில் இலங்கையின் இறப்பு வீதம் ஆயிரத்துக்கு 36.6 ஆயிற்று. அவ்வாண்டிற் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 263 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன்னரே இறந்தன. நான்கு தொட்டில்களில் ஒரு தொட்டில் வெறுமையாயிற்று என்க.

மழை பொய்த்தமை இயற்கையின் செயல். ஆயின் மழை பொய்த்தமையால் மாத்திரம் அத்துணைச் சாவு நேர்ந்ததன்று. அதற்கு முன்னரே உலகெங்கும் நிகழ்ந்த பொருளாதார வீழ்ச்சியால் தேங்காயும் இறப்பரும் விலையிழந்திருந்தன. நிலமில்லாக் கிராமத்தார் கூலியிழந்திருந்தனர். அதன்மேல் வயலும் காய்ந்தது. பசித்திருந்த குடிகளிடத்துக் காய்ச்சல் வந்தது. காய்ச்சலுற்றவன் கூலிக்குப் போக இயலாமையால் மேலும் பசித்தான். பசித்தவன் மீண்டும் காய்ச்சலுற்றான். துணைசெய்யச் சென்ற தொண்டர் கொயினா மருந்தோடு உணவையும் சுமந்து செல்ல வேண்டியதாயிற்று. சூரியமல் இயக்கத்தைச் சேர்ந்த இளைஞர் இத்தொண்டில் முன்னின்றனர். கலாநிதி என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தனா முதலியோர் அவருட் சிலர். அவ்விருவரும் 1936 ஆம் ஆண்டு அரசாங்க சபைத் தேர்தலில் முறையே ருவான்வெல, அவிசாவளைத் தொகுதிகளிற் தெரிவு செய்யப்பட்டமை, காய்ச்சற் படுக்கையிற் கண்டவரை மக்கள் மறந்திலர் என்பதைக் காட்டும்.

ஈண்டு எம்மவர் ஒரு வினா எழுப்புதல் கூடும். 'உலர்வலயமாகிய நமது கிழக்குக் கரையிலே மலேரியா என்றும் உள்ளதாயிற்றே. இங்கு அவ்வளவு சாவு அவ்வாண்டில் ஏன் நேரவில்லை?' என்பர். நல்ல வினா. உலர்வலயத்தார் ஆண்டுதோறும் காய்ச்சலுற்றுப் பழகியவர். வளர்ந்தோரின் உடல் அந்நோயை ஓரளவு எதிர்க்கும் வன்மை பெற்றிருந்தது. ஆனால் அவ்வன்மை விலையின்றிக் கிடைத்ததன்று. ஆண்டுதோறும் குழந்தைகளை அந்நோய்க்குப் பலி கொடுத்துப் பிழைத்தோர் பெற்ற வன்மை அது. ஈரவலயத்தில் ஒரே ஆண்டிற் பெருஞ் சாவாக வந்தது. உலர்வலயத்தில் நூற்றாண்டுகளாகச் சிறுகச் சிறுக வந்தது. பெருஞ் சாவை வரலாறு எழுதியது. சிறு சாவைத் தாய்மார் மாத்திரமே அறிந்தனர்.

இந்நிலை மாறியது எவ்வாறு? இரண்டாம் உலகப்போரின் பின் வீடுதோறும் டி.டி.ரி. மருந்து தெளிக்கப்பட்டது. 1946 ஆம் ஆண்டில் ஆயிரத்துக்கு இருபது அளவில் இருந்த இறப்பு வீதம், அடுத்த ஆண்டிலேயே பதினான்கு அளவுக்கு இறங்கிற்று. இஃது ஒரு மருந்தினால் மாத்திரம் வந்ததன்று. கிராமந்தோறும் எழுந்த மருந்துச்சாலைகளும், மகப்பேற்றுக்குத் துணைநின்ற மருத்துவமாதரும், பங்கீட்டு அரிசியும், 1945 ஆம் ஆண்டு முதல் வந்த இலவசக் கல்வியும் ஒருங்கு சேர்ந்து செய்த செயல் அது. மருந்து தெளிக்க வந்தவன் செல்வன் வீட்டுக்கும் வறியன் வீட்டுக்கும் வேறுபாடு காட்டவில்லை. காட்டியிருப்பின் நுளம்பு ஒழிந்திராது. 2016 ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. 1935 ஆம் ஆண்டில் 263 ஆக இருந்த சிசு மரண வீதம் இன்று பத்துக்கும் கீழே நிற்கின்றது. எமது கல்லூரியின் பழைய மாணவருட் பலர் இன்று உயிரோடிருத்தற்கே இம்மாற்றங் காரணம் என்றால் மிகையாகாது.

இதே படிப்பினையை அம்மைநோயின் வரலாறும் தருகின்றது. இக்கரையில் காரைதீவிலும் தம்பிலுவிலிலும் வைகாசித் திங்களில் கண்ணகை அம்மனுக்குச் சடங்கு நிகழ்த்திக் குளிர்த்தி ஆடுவதை நாம் அறிவோம். அம்மையும் கொப்புளிப்பானும் ஊரை வாட்டிய காலத்தில், அம்மனின் சினம் தணிந்து ஊர் குளிர வேண்டும் என்ற வேண்டுதல் அது. ஊர் குளிர வேண்டும் என்றே வேண்டினர். என் வீடு குளிர வேண்டும் என்று வேண்டினாரல்லர். உலகத்தில் இயல்பாகப் பெரியம்மை கண்ட கடைசி மனிதர், 1977 ஆம் ஆண்டில் சோமாலியா நாட்டு ஆஸ்பத்திரி ஒன்றிற் சமையல் வேலை பார்த்தவர். அத்தகைய எளிய மனிதரையும் அவரைச் சூழ்ந்திருந்தோரையும் அம்மைக் குத்து நாடிச் சென்றடைந்த பின்னரே, 1980 ஆம் ஆண்டில், நோய் ஒழிந்தது என்று உலகச் சுகாதார நிறுவனத்தாற் சாற்ற முடிந்தது. கடைக்கோடி மனிதனுக்குக் காவல் கிடைக்குமட்டும் முதல்வனுக்கும் காவல் இல்லை என்பதே கொள்ளைநோயின் இலக்கணம்.

இவ்வளவும் முன்னோர் காலத்துச் செய்தி என்று எண்ணியிருந்தோம். 2020 ஆம் ஆண்டு வந்தது. கொரோனா என்னும் கொவிட் நோய் உலகைச் சூழ்ந்தது. இங்கிலாந்தின் தலைமை அமைச்சரும் நோயுற்றார். அதனைக் கண்டோர், 'பார்த்தீர்களா, நோய்க்கு அரசனும் ஆண்டியும் ஒன்று' என்றனர். ஆயின் அந்நாட்டுப் புள்ளிவிவர அலுவலகத்தார் எண்ணிப் பார்த்தனர். 2020 மார்ச்சு முதலாந் திகதி தொடங்கி ஏப்பிரில் 17 ஆந் திகதி வரை, வயது வேறுபாட்டை நீக்கிக் கணக்கிட்டபோது, மிக வறிய பகுதிகளில் நூறாயிரம் பேருக்கு 55.1 பேரும் மிக வளமான பகுதிகளில் 25.3 பேரும் கொவிட் நோயால் இறந்தமை தெரியவந்தது. இருமடங்குக்கும் மேல். காவற்காரர், பேருந்து ஓட்டுநர், வாடகை வண்டி ஓட்டுநர் ஆகியோரிடையே சாவு மிகுந்து காணப்பட்டது. மருத்துவம் இலவசமாகக் கிடைக்கும் நாட்டிலேயே இவ்வாறாயின், மூன்றாம் வாயிலை அடைப்பது மாத்திரம் போதாது, முதலிரு வாயில்களையும் அடைத்தல் வேண்டும் என்பது பெறப்படும். நாடுகளுக்கிடையேயும் இவ்வாறே. 2021 ஆம் ஆண்டு முடிவில் செல்வ நாடுகளிற் பெரும்பாலோர் தடுப்பூசி பெற்றிருந்தனர். மிக வறிய நாடுகளிற் பத்துப் பேருள் ஒருவர்கூட ஓர் ஊசி பெற்றிலர்.

நமது அக்கரைப்பற்றை நோய் வந்தடைந்தது 2020 நவம்பர் இறுதியில். சந்தையை மையமாகக் கொண்டு பரவியது. அக்கரைப்பற்றுப் பொலிசுப் பிரிவு தனிமைப்படுத்தப்பட்டது. சந்தையில் நோய் பரவியமை தற்செயலன்று. சந்தைக்கு வாராது வாழ இயலாதவர் யாவர்? மரக்கறி விற்பவரும், மூட்டை சுமப்பவரும், மீன் கூறுகட்டி விற்பவரும், அன்றாடம் வாங்கி அன்றாடம் சமைப்பவருமே. மாதச் சம்பளம் பெறும் எம்போல்வார் கதவை அடைத்து வீட்டிலிருந்தோம். திங்கள் முடிவிற் சம்பளம் வந்தது. கரைவலை இழுப்பவனுக்கும் வேளாண்மை வெட்டுக்குப் போகிறவனுக்கும் அடைத்த கதவுக்குப் பின்னே பட்டினி இருந்தது. பாடம் நடத்த நாம் கைப்பேசி வழி அழைத்தபோது, வகுப்பில் எத்தனையோ மாணாக்கர் தோன்றவில்லை. ஒரே கைப்பேசியை நான்கு பிள்ளைகள் பகிர்ந்த வீடுகளும், கைப்பேசியே இல்லாத வீடுகளும் இருந்தன. ஓரறை வீட்டில் நோயுற்றவனைத் தனியே இருத்து என்று கட்டளையிட்டபோது, 'எந்த அறையில், சேர்?' என்று ஒரு மாணவன் எம்மை வினவினான். அவ்வினாவுக்கு அன்று எம்மிடம் விடை இல்லை. இக்கட்டுரை ஓரளவில் அவனுக்குக் கூறும் விடையாகும்.

அக்காலத்தில் எம் அயலவராகிய முஸ்லிம் மக்களுக்கு நேர்ந்த பிறிதொரு துயரையும் ஈண்டுக் கூறாது விடுதல் நன்றன்று. 2020 ஏப்பிரில் 11 ஆந் திகதி வர்த்தமானி மூலம், கொவிட் நோயால் இறந்தோர் அனைவரையும் எரித்தல் வேண்டும் என்ற கட்டளை பிறந்தது. அடக்கஞ் செய்தலும் எரித்தலும் இரண்டும் கொள்ளத்தக்கன என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறியிருந்தது. ஆயினும் 2021 பெப்ரவரி 25 ஆந் திகதி வரை அக்கட்டளை நீடித்தது. அதன் பின்னர் மார்ச்சு மாதந் தொடக்கம் ஓட்டமாவடியில் மாத்திரம் அடக்கஞ் செய்ய இடம் தரப்பட்டது. அக்கரைப்பற்றில் இறந்தவரின் ஜனாஸா, தம் ஊர் மையவாடியை விட்டு, மட்டக்களப்பையும் தாண்டிச் செல்ல வேண்டியதாயிற்று. 2024 சூலையில் அமைச்சரவை இதற்காக மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.

இது சமயத்தின் மனக்குறை; இறப்பு வீதத்தோடு இதற்கு என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். தொடர்பு உண்டு. ஆஸ்பத்திரியில் இறந்தால் உடல் எரிக்கப்படும் என்ற அச்சம் இக்கரை ஊர்களிற் பேசப்பட்டதை நாம் நேரிற் கேட்டோம். அச்சம் கொண்டவன் நோயை மறைப்பான். மறைத்த நோய் முற்றும், அயலாருக்கும் தொற்றும். எனவே ஒரு சமூகத்தின் நம்பிக்கையைப் புண்படுத்துதல், மூன்றாம் வாயிலை நாமே அகலத் திறந்து வைத்தலாகும். கூரையும் கஞ்சியும் போலவே, தன்னை மதிப்பர் என்ற நம்பிக்கையும் உயிர் காக்கும் பொருள்களுள் ஒன்று.

இனி ஒன்று. கொவிட் நோயால் இலங்கையில் 16,000 பேருக்கு மேல் இறந்தனர். அந்நாட்களில் வெளியான அரசாங்க அறிவித்தல்களில் இறந்தவரின் வயது இருந்தது, ஆணோ பெண்ணோ என்பது இருந்தது, ஊரும் இருந்தது. அவர் செய்த தொழில் அங்கே இடம்பெறவில்லை. அவர் வீட்டில் எத்தனை அறை, எத்தனை பேர் என்பதும் இடம்பெறவில்லை. 1918 ஆம் ஆண்டிற் பம்பாய் நகரத்தார் எண்ணி வைத்தமையாலேதான் 61.6 என்ற எண் இன்று நம்மைச் சுடுகின்றது. எண்ணப்படாத துயருக்கு எவரும் பொறுப்பேற்பதில்லை. எண்ணுதலே முதல் மருந்து என்பது எமது துணிபு.

அங்ஙனமாயின் நாம் செய்யத்தக்கன யாவை? பழைய மாணவருள் மருத்துவர் உளர்; கிராம சேவகர் உளர்; பொதுச் சுகாதாரப் பரிசோதகர் உளர்; வணிகர் உளர். மருத்துவரும் பரிசோதகரும் அடுத்த கொள்ளைநோய் வருங்கால் இறந்தவரின் தொழிலையும் குடியிருப்பையும் குறித்து வைப்பாராக. கிராம சேவகர், ஓரறை வீட்டார் நோயுற்றால் அவரை இருத்துதற்குரிய இடம் எது என்பதை நோய் வருமுன்னரே தீர்மானித்து வைப்பாராக. பாடசாலை மண்டபமோ, கோயில் மடமோ, பள்ளிவாசலின் முற்றமோ எதுவாயினும் ஆகுக. வணிகர், கதவடைக்கும் நாள்களில் நாட்கூலி பெறுவோர்க்கு அரிசி கொடுத்தலைத் தருமம் என்று கருதாது, ஊருக்கு இடும் காப்பு என்று கருதுவாராக. பட்டினியின்றி வீட்டிலிருப்பவன் நோயை வெளியே கொண்டு திரியான். அவனுக்கிட்ட அரிசி கொடுத்தவன் வீட்டையும் காக்கும்.

மாணாக்கருக்கு ஒரு சொல். கொள்ளைநோய் ஏற்றத்தாழ்வைப் படைப்பதில்லை. முன்னரே உள்ள ஏற்றத்தாழ்வை வெளிச்சமிட்டுக் காட்டுகின்றது. மழை பெய்யும்போதுதான் கூரையின் ஓட்டை தெரியும். ஆயின் ஓட்டை மழையால் வந்ததன்று. அதனை அடைக்கும் காலமும் மழைக்காலமன்று. கோடையிலே கூரை வேய்தல் நம் ஊர் உழவர் அறிந்த அறிவு. நோயற்ற இந்நாளிலே நல்ல குடியிருப்பும், நிறைந்த உணவும், அஞ்சாது செல்லத்தக்க ஆஸ்பத்திரியும் எல்லார்க்கும் உளவாகச் செய்தலே அடுத்த கொள்ளைநோய்க்கு நாம் செய்யும் ஆயத்தம்.

விழாக் கொண்டாடும் கல்லூரி தன் மாணவரின் வெற்றிகளை எண்ணிப் பார்த்து மகிழ்தல் மரபு. அம்மரபை யாமும் போற்றுகின்றோம். அதனோடு, நம் ஊரின் எந்தத் தெருவில் நோய் வந்தால் முதலிற் பறை முழங்கும் என்பதையும் எண்ணிப் பார்ப்போமாக. அத்தெருவின் பெயர் நம் அனைவர்க்கும் தெரியும். கொள்ளைநோய்க்கு அது தெரியாதபடி செய்தல் நமது கையில் உள்ளது.